சாம்பல் நிறம் மேட்டுப்பாளையத்தோடு நிற்கட்டும்

வீடும் அழகும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மலைமேலிருந்து வந்தவை. நீலகிரியும் கொடைக்கானலும் போட்டி போட்டுக்கொண்டு எழுதியிருக்கின்றன. சமவெளி வாசகர்கள் இந்த இதழுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பதில்களுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை: கடைக்காரர் காட்டும் கேட்லாக் படம் எதுவும் மழைமாதத்தில் எடுத்ததல்ல. கூடலூர்க்காரர்கள் ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் நவம்பரிலும் சொந்த வீட்டுச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். என்ன வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு இலைப்படம் போட்ட வால்பேப்பர் ஒட்டினோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, கீழ் ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறது. உரித்துப் பார்த்தால் பின்னால் கறுப்புப் புள்ளிகள். பசை சரியில்லையா, ஒட்டியவர் சரியில்லையா?
– வாசகி, குன்னூர்

ஒட்டியவரை விட்டுவிடுங்கள். ஒட்டிய இடம்தான் தப்பு. அது வீட்டின் வெளிச்சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் வெளிக்குளிர் அந்தச் சுவரை ஜில்லிட வைக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி உள்ளே இரண்டு பேர் தூங்கும்போது மூச்சுக்காற்றின் ஈரம் முழுவதும் அறைக்குள்ளேயே நிற்கிறது. அந்த ஈரம் அறையிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போய் நீராகப் படியும். தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் காற்று புகுவதில்லை என்பதால் முதல் போணி அங்கேதான். நீங்கள் ஒட்டியிருப்பது வினைல் தாள். அது சுவரின் ஈரத்தை வெளியே விடாது. அடியில் இருக்கும் பசையோ மாவுப்பசை வகை, பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது: தாளை முழுவதும் உரித்துவிடுங்கள், பாதியில் விடாதீர்கள். கறுப்புப் புள்ளியைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் தூள் அறையெங்கும் பறந்து பீரோவுக்குள் குடியேறும். முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்துப் பூசி 20 நிமிடம் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிவறை ஆசிட் இருந்த வாளியிலோ குவளையிலோ இதைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

சுவர் காய வேண்டும். ‘காய்ந்த மாதிரி இருக்கிறது’ என்பது கணக்கில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. குன்னூரில் இந்த வேலைக்குப் பிப்ரவரி, மார்ச்தான் காலம்.

இலைப்படத்தை விட மனமில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. வெளிச்சுவரை விட்டுவிட்டு அறைகளுக்கு நடுவில் உள்ள தடுப்புச் சுவரில் ஒட்டுங்கள், அது அவ்வளவு குளிராது. இல்லையென்றால் சுவரில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அதன்மேல் 6 மி.மீ. சிமென்ட் பலகை பொருத்தி, பலகை மேல் ஒட்டுங்கள். ரீப்பரை நெட்டுவாக்கில் அடிக்கச் சொல்லுங்கள். குறுக்காக அடித்தால் பின்னால் காற்று ஏறி இறங்க வழியிருக்காது. பலகையின் மேலும் கீழும் அரை அங்குலம் திறப்பு விட வேண்டும். ஆசாரி அழகுக்காக அதையும் பீடிங் வைத்து மூடப் பார்ப்பார், பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். கட்டிலையும் மூன்று அங்குலம் முன்னால் இழுத்துப் போடுங்கள்.

ஹாலுக்குச் சாம்பல் நிறமும் வெள்ளையும்தான் இப்போது எல்லோரும் அடிக்கிறார்கள் என்கிறாள் மகள். வடக்குப் பார்த்த ஹால். உங்கள் அபிப்பிராயம்?
– வாசகர், ஊட்டி

மகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சாம்பல் மேட்டுப்பாளையத்தோடு நிற்கட்டும். வெயில் கண்ணைக் கூசவைக்கும் ஊரில் அந்த நிறம் கண்ணுக்கு ஓய்வு. ஊட்டியில் ஜூன் பிறந்தால் ஜன்னலுக்கு வெளியிலேயே நாள் முழுக்கச் சாம்பல்தான். வடக்கு ஜன்னலில் வருவது நீலம் கலந்த வெளிச்சம், மூடுபனி அதை இன்னும் வெளிறவைக்கும். அந்த வெளிச்சத்தில் இளஞ்சாம்பல் சுவர் சிமென்ட் பூசிவிட்டு வண்ணம் அடிக்க மறந்த சுவர் மாதிரித்தான் தெரியும். சுத்த வெள்ளையும் அப்படியே, ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வரும்.

மஞ்சள் அல்லது சிவப்புச் சாயல் கலந்த நிறங்கள்தான் இங்கே உயிரோடு இருக்கும்: சந்தனம், முந்திரிப்பருப்பு வெள்ளை, வெளிறிய காவி, கடுகு மஞ்சள். அடர்த்தியாக ஒன்று வேண்டுமென்று மகள் பிடிவாதம் பிடித்தால் ஒரு சுவருக்கு மட்டும் தேயிலைப் பச்சை அடிக்கலாம். ஷேட் கார்டை நம்பாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட்டிங் அடித்து, ஜன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்துக் காலை எட்டு மணி, மாலை நாலு மணி, இரவு விளக்கொளி என்று மூன்று வேளையும் பாருங்கள்.

விளக்கைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லிப் பயனில்லை. கடையில் கேட்காமலே கையில் தருவது 6500 கெல்வின் ‘கூல் டேலைட்’ பல்பு. அதன் நீல வெளிச்சத்தில் சந்தனநிறச் சுவரும் செத்துவிடும். 2700 முதல் 3000 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு மொத்தம் 2000 லூமென் போதும். 9 வாட் எல்.இ.டி. ஒன்று ஏறக்குறைய 900 லூமென் தரும். அப்படி இரண்டு, மூலையில் ஒரு சிறு விளக்கு, அவ்வளவுதான்.

பெயின்டருக்கும் ஒரு சொல்: டப்பாவில் ‘இரண்டாம் கோட்டிங் நாலு மணி நேரம் கழித்து’ என்று போட்டிருப்பது மலைக்குச் செல்லாது. மறுநாள் அடிக்கட்டும். பனி இறங்கும் நாளில் மாலை நாலுக்கு மேல் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட வேண்டும்.

பழைய வீடு. சுவரில் இப்போது இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. எமல்ஷனுக்கு மாறலாமா?
– வாசகி, கோத்தகிரி

வேண்டாம். உங்களிடம் இருப்பதைத்தான் நகரத்தில் ‘லைம்வாஷ் ஃபினிஷ்’ என்று பெயர் சூட்டி, காசு கொட்டி அடித்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வேர் பிடிக்காது. எமல்ஷன் அதன்மேல் ஒரு தோலைப் போர்த்திவிடும். அந்தத் தோல் இரண்டு மழையில் கொப்புளிக்கும்.

நிறம் வேண்டுமானால் சுண்ணாம்பிலேயே ஏற்றலாம். நன்றாகத் தாளித்த (தண்ணீரில் நீற்றிய) சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் சேர்த்து, துணியில் வடிகட்டி, காவியோ மஞ்சள் ஆக்சைடோ 50 கிராமில் தொடங்குங்கள். 100 கிராமைத் தாண்டினால் காய்ந்தபின் கையில் ஒட்டும். சுவரை முதலில் நனைத்துவிட்டு, மோர் மாதிரி நீர்க்க மூன்று கை அடிக்க வேண்டும். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தால் பாதியாக வெளுக்கும், பயந்து இன்னும் காவி கொட்டாதீர்கள். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் மட்டும் இது நிற்காது, செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

டிவி சுவரில் ஓதம். வரிவரியாக இருக்கும் பி.வி.சி. பேனல் அடித்து மறைத்துவிடலாம் என்கிறார் இன்டீரியர்காரர். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு.
– வாசகர், கொடைக்கானல்

மறைக்கலாம், உள்ளே என்ன வளர்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால்! கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘பின்னால் மண்மேடு’ என்று, உங்கள் கேள்வியே அதுதான். மேட்டை வெட்டி வீட்டைச் செருகியிருக்கிறார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுவரைத் தள்ளுகிறது. உள்பக்கம் எதை அடித்தாலும் பின்னாலிருந்து வரும் தண்ணீர் அதைப் பெயர்த்து எறியும்.

வேலையை வெளியிலிருந்து தொடங்குங்கள். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது இரண்டடி இடைவெளி வேண்டும். மண் சரிந்து அது மூடியிருந்தால் முதலில் எடுங்கள், ஆனால் மேட்டின் அடியைக் குடையாதீர்கள், மேலே இருப்பது இறங்கிவிடும். அந்த இடைவெளியில் ஒரு திறந்த வாய்க்கால் ஓட வேண்டும். அதன் அடிமட்டம் வீட்டுத் தரையைவிட அரையடியாவது கீழே இருக்க வேண்டும், நூறு அடி நீளத்துக்கு ஒரு அடி வாட்டம் வேண்டும். பல வீடுகளில் வாய்க்கால் இருக்கிறது, தரையைவிட உயரத்தில் இருக்கிறது! அது வீட்டுக்கே தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால். தடுப்புச் சுவர் இருந்தால் நாலைந்து அடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய்கள் நீர் கசிய வைத்திருக்க வேண்டும், குழாயின் பின்வாய்க்கு ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். கொடைக்கானலுக்கு அடைமழை வடகிழக்குப் பருவத்தில். செப்டம்பரில் ஒரு கம்பி விட்டு அந்தக் குழாய்களைக் குத்திவிடுங்கள்.

இதையெல்லாம் செய்து ஒரு மழைக்காலம் போகட்டும். சுவர் காய்ந்துவிட்டால் பேனல் அடிக்க உங்களுக்கே தோன்றாது என்பது எங்கள் கணிப்பு.

டைல்ஸ் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. மழைநாளில் ‘வேர்க்கவும்’ செய்கிறது. மரத்தரை ஒட்டலாமா?
– வாசகி, வெலிங்டன்

வேர்ப்பது இரண்டு வகை. இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளின் மேல்பக்கம் நீர்த்துளி இருந்தால் அது காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிவது. அடிப்பக்கம் இருந்தால் தரைக்குக் கீழிருந்து ஏறுவது. முதல் வகைக்கு மேலே ஏதாவது விரித்தால் தீர்ந்தது. இரண்டாம் வகைக்கு விரித்தால் விரித்தது அழுகும்.

லேமினேட் ‘மரத்தரை’ என்பது அழுத்திய மரத்தூள் பலகை. இணைப்பில் தண்ணீர் இறங்கினால் ஓரம் வீங்கி உதடு மாதிரித் தூக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. எஸ்.பி.சி. என்று ஒன்று வருகிறது, கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, 4 முதல் 6 மி.மீ. கனம், தண்ணீர் பட்டால் வீங்காது. மலைக்கு அதுதான் தேவலை. அடியில் நுரைத்தாள் ஒட்டியே வரும் வகையை வாங்கினால் காலுக்குக் குளிர் குறையும்.

எதை வாங்கினாலும் பெட்டிகளை அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்து விடுங்கள். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். சுவரோடு ஒட்டப் போட்டால் நடுவில் மேடு தட்டும். பீரோக்களையும் சமையலறைப் பெட்டிகளையும் அதன்மேல் ஆணியடித்து நிறுத்தக்கூடாது. கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று: தரை அரை அங்குலம் உயர்ந்துவிட்டால் கதவு திறக்காது. தரை போடுமுன் கதவுகளின் அடியை ஆசாரி சீவட்டும்.

சொன்ன செலவுக்கெல்லாம் முன்னால் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை வெயில் அடிக்கும் நேரத்தில் கொடியில் போட முடிகிற எந்த விரிப்பும் மலைக்கு ஏற்றது. சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்ப்பெட்டை எப்படிக் கொடியில் போடுவீர்கள்?

வாஷ்பேசின் கண்ணாடியின் ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டே வருகிறது.
– வாசகர், அருவங்காடு

கண்ணாடியின் பின்னால் இருக்கும் வெள்ளிப்பூச்சு ஓரத்திலிருந்து அரிக்கிறது. திரும்ப வெளுக்காது. ஓரம் மட்டும் கறுத்திருந்தால் கண்ணாடிக் கடையில் சுற்றிலும் ஒரு அங்குலம் வெட்டச் சொல்லலாம். வெட்டிய ஓரத்தில் நிறமில்லாத நெயில்பாலீஷை இரண்டு கை தடவிக் காயவிடுங்கள், ஈரம் புகாது.

பெரும்பாலும் கெடுப்பது ஒட்டும் சிலிகான்தான். பிதுக்கும்போது வினிகர் மாதிரிப் புளித்த வாடை வந்தால் அது அமில வகை, வெள்ளிப்பூச்சைத் தின்றுவிடும். ‘நியூட்ரல் சிலிகான்’ என்று கேளுங்கள். சுவரோடு அப்பாமல், பின்னால் 6 மி.மீ. ரப்பர் பொட்டுகள் வைத்து, காற்றுப் போக இடம்விட்டு மாட்டுங்கள். துடைக்கும் திரவத்தைக் கண்ணாடிமேல் பீய்ச்ச வேண்டாம், துணியில் பீய்ச்சித் துடையுங்கள். வழிந்து கீழ் ஓரத்தில் தேங்குவதால்தான் எல்லா வீட்டுக் கண்ணாடியும் கீழேயிருந்து கறுக்கத் தொடங்குகிறது.

தோடர் பூவேலை செய்த துணி ஒன்று பரிசாக வந்தது. ஃபிரேம் போடலாமா, குஷன் உறை தைக்கலாமா?
– வாசகி, கூடலூர்

கத்திரிக்கோலை எடுக்காதீர்கள். வெளுக்காத கெட்டிப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலால், அச்சு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணித் தைக்கிற வேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நடுவில் வெட்டினால் அந்த எண்ணிக்கைதான் முதலில் அறுபடும், நூல் முனை ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும். குஷன் உறை வேண்டுமென்றால் உறையாகவே தைத்து விற்பதை வாங்குங்கள். தோடர் பெண்களுக்கு அது வருமானமும்கூட.

ஃபிரேம் போடுங்கள், ஆனால் கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. நடுவில் 6 மி.மீ. கட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் கண்ணாடியில் படியும் நீர் துணிக்கு இறங்கி, சிவப்பு கசியும். பசை போட்டு ஒட்டாமல் பின்பலகையில் பருத்தி சுற்றி, அதில் நாலைந்து இடத்தில் தையல் போட்டு நிறுத்த வேண்டும். பின்பலகைக்கு ஹார்ட்போர்டு வேண்டாம், நாளடைவில் துணியில் பழுப்புக்கறை ஏறும், அமிலமில்லாத மவுன்ட் அட்டை கிடைக்கிறது. உள்சுவரில் மாட்டி, ஃபிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் பார்க்கத்தக்க வேலை என்பதால், மடித்து வைத்து விருந்தினர் வரும்போது நாற்காலி முதுகில் போடுவதுதான் எங்களுக்குப் பிடித்த வழி.

ஜன்னல் ஸ்கிரீனுக்கு எத்தனை மீட்டர் துணி வாங்க வேண்டும்? டெய்லர் ஒன்று சொல்கிறார், கடைக்காரர் ஒன்று சொல்கிறார்.
– வாசகி, கோத்தகிரி

ஜன்னல் அகலம் ஐந்தடி என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பி இரண்டு பக்கமும் அரையடி கூடுதலாக, ஆறடி இருக்கட்டும். அதற்கு இரண்டு மடங்கு துணி என்றால் 12 அடி, அதாவது 144 அங்குலம். துணியின் பன்னா, அதாவது அகலம், 48 அங்குலம் என்றால் மூன்று துண்டு. உயரம் ஏழடி, மேல்கீழ் மடிப்புக்கு ஒரு அடி, ஆக 96 அங்குலம், மீட்டரில் 2.44. மூன்று துண்டுக்கு 7.32 மீட்டர். பருத்தி சுருங்கும், எட்டு மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். பூ டிசைன் துண்டுக்குத் துண்டு பொருந்த வேண்டுமானால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டிசைன் நீளம் கூடும்.

கரூர்ப் பருத்தித் துணியே போதும், அதற்கு லைனிங்தான் முக்கியம். ஒற்றைத் துணி குளிரைத் தடுக்காது. தரையிலிருந்து அரை அங்குலம் மேலே முடியட்டும். படத்தில் வருவதுபோல் தரையில் புரளவிட்டால் ஈரத்தை உறிஞ்சி ஒரு சாண் உயரத்துக்குக் கறுக்கும். காலையில் ஸ்கிரீனை முழுவதும் ஒதுக்கி, கண்ணாடியில் கோத்த நீரைத் துடைத்துவிடுங்கள்.

ஹோம்ஸ்டே அறையில் பித்தளை உருளியில் கரிநெருப்பு வைத்தால் அழகாகவும் இருக்கும், குளிரும் போகுமே?
– வாசகர், பூம்பாறை

வைக்கவே வைக்காதீர்கள். புகை அடங்கிச் சிவந்த கரிதான் ஆபத்து. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு கரி அடுப்போடு படுத்த சுற்றுலாப் பயணிகள் மலையூர்களில் இறந்திருக்கிறார்கள். ‘கொஞ்ச நேரம்’, ‘ஒரு ஜன்னல் திறந்து’ என்ற சமாதானம் எதுவும் விருந்தினர் அறைக்கு வேண்டாம். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுங்கள்.

சூட்டுக்கு ஆயில் ரேடியேட்டர் வாங்குங்கள். 2000 வாட் என்றால் மணிக்கு இரண்டு யூனிட், இரவில் நாலு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் வயர் உருகும். புகைபோக்கியுள்ள பழைய கணப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியில் தேய்த்துக் கரி இறக்கி, பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விறகு பிளந்து கூரைக்கடியில் ஒரு வெயில்காலமாவது காய்ந்ததாக இருக்கட்டும். காயாத பச்சைச் சீகை (வாட்டில் மர) விறகு சூடு தராமல் புகைபோக்கியில் தார் மாதிரி ஒட்டும், ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும்.

தகரக் கூரைக்கு அடியில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்?
– வாசகி, குன்னூர்

தகரத்தின் அடியில் அதிகாலையில் நீர் கோத்துச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிடுவீர்கள், ஓட்டையே இருக்காது. ஜிப்சம் அந்த நீரைக் குடித்துத் தொப்பை போடும். தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன், பிறகு இரண்டு அங்குல இடைவெளி, அதற்குக் கீழே ஒன்றோடொன்று கோக்கும் 12 மி.மீ. பைன் பலகை. கூரை ஓரத்தில் காற்றுவழி விட்டு, எலி நுழையாமல் வலை அடியுங்கள். மழைச் சத்தமும் பாதியாகும்.

ஹட்டியில் (படகர் ஊரில்) எங்கள் வீடு அண்ணன் தம்பிகள் வீடுகளோடு ஒரே வரிசை. முன்புறத்தை மட்டும் உயர்த்தி, கல் கிளாடிங் ஒட்டி மாற்றலாமா?
– வாசகர், கோத்தகிரி அருகில்

உங்கள் முன்புறம் உயர்ந்தால் கூரைத்தண்ணீர் தம்பி வீட்டுச் சுவருக்குப் போகும். பிறகு நடக்கப்போவது அலங்காரப் பிரச்சினை இல்லை! வரிசை மட்டத்தைத் தொடாதீர்கள். உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் சேரும் இடத்தில் அரையடி உயரத்துக்குத் தகடு மடித்துச் சுவருக்குள் செருகி, தனி வடிகால் போடுங்கள், முதலில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு. கல் கிளாடிங்கின் பின்னால் வெற்றிடம் விட்டு அங்கங்கே பசை வைத்து ஒட்டினால் தண்ணீர் அங்கே தேங்கும். கல்லின் முதுகு முழுக்கப் பசை தடவ வேண்டும். எங்களைக் கேட்டால், ஒரே வரிசையில் ஒரே மாதிரி நிற்கும் அந்த முகப்புகளைவிட அழகான ‘எலிவேஷன்’ எந்த கேட்லாகிலும் இல்லை. கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு நிறம் மாற்றுங்கள், போதும்.

மாடுலர் கிச்சனில் ஓப்பன் ஷெல்ஃப் வைக்கலாமா? எந்தப் பலகை?
– வாசகி, கூடலூர்

தினமும் எடுத்துக் கழுவும் பத்துத் தட்டு, பத்து டம்ளருக்கு ஓப்பன் ஷெல்ஃப் நல்லது, காற்றில் காயும். அலங்காரத்துக்கு வைக்கும் ஜாடிகளில் எண்ணெய்ப் பிசுக்கும் மழை ஈரமும் சேர்ந்து விரல் ஒட்டும். பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் ‘மரைன்’ பிளைவுட். முத்திரை ஷீட்டிலேயே இருக்க வேண்டும், பில்லில் மட்டும் இருந்தால் போதாது. பார்ட்டிகிள் போர்டு சிங்க் அடியில் இரண்டு மழை தாங்காது. கீழ்ப்பெட்டிகள் நாலு அங்குலக் காலில் நிற்கட்டும். கீல் பதிக்கத் துளைத்த குழிக்குள்ளும் வார்னிஷ் தடவச் சொல்லுங்கள், கதவு வீங்கத் தொடங்குவது அந்தக் குழியிலிருந்துதான்.

பீரோவில் பட்டுப்புடவை வாடை அடிக்கிறது. கற்பூரம் வைத்தும் போகவில்லை.
– வாசகி, ஊட்டி

கற்பூரம் ஈரத்தை எடுக்காது, ஈரத்துக்குக் கற்பூர வாடை சேர்க்கும், அவ்வளவுதான். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவைக் கீழ்த்தட்டில் வையுங்கள். டப்பாவில் சேரும் தண்ணீர் புடவையில் சிந்தினால் கறை போகாது, பாதி நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

மணிபிளான்ட் ஏன் மஞ்சளாகிறது?
– வாசகர், கொடைக்கானல்

குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது வளர்வதை நிறுத்திவிடும். நீங்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை, வேர் அழுகுகிறது. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தபின் ஊற்றுங்கள். அந்த இடத்தில் பிகோனியாவோ பெரணியோ வைத்துவிட்டு, மணிபிளான்ட்டைப் பழனியிலிருக்கும் உறவினருக்குக் கொடுத்தாலும் சரிதான்.